லியூ அக்காவின் உள்ளங்கை அளவுப் படம்

எங்கள் சாடெக் ஊரில் லுவான் அண்ணன்தான் படம் எடுக்க வேண்டும் என்று பெண்வீட்டார் அடம்பிடித்துக் கல்யாணத் தேதியையே மாற்றியதுண்டு. அவர் ஸ்டுடியோவை ஒட்டிய பிரிண்ட் கடை என்னுடையது. இருபது வருஷமாக அவர் எடுப்பதை நான் பெரிதாக்கிக் கொடுக்கிறேன். நல்ல மனிதர்தான்; கேமரா பேச்சை ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தமாட்டார்.

"போன்ல எடுத்தாப் போதாதாண்ணே?" என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள்.

"மழையில டம்ளரையும் அண்டாவையும் வெச்சுப் பாரு, எதுல தண்ணி நிறைய சேருதுன்னு. உன் போனுக்குள்ள இருக்கற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு. என்னோடது ஒரு தபால்தலை அளவு. பட்டப்பகல்ல எடுத்துப் போன்லயே பாக்கறதுக்கு உன்னோடது தாராளமாப் போதும். வீட்டுக்குள்ள எடுத்துச் சுவத்துல மாட்டணும்னா இங்க வா."

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்கப்பாகிட்ட லென்ஸைப் பத்தித்தான் பேசினாரு. என்னை நிமிந்துகூடப் பாக்கல" என்று லியூ அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அண்ணனின் மனைவி. கல்யாணங்களில் விளக்கு பிடிப்பதும் அவர்தான்.

புத்தாண்டுக்கு முன்பு ஊர்க் கிழவர்களும் கிழவிகளும் பட்டு அங்கி போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவார்கள். தாங்கள் போன பிறகு வீட்டில் ஊதுபத்திக்குப் பின்னால் வைக்கவேண்டிய படத்தை இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அண்ணன் அதற்குக் காசு வாங்கமாட்டார். ஒரு வருஷம் லியூ அக்காவும் பச்சைப் பட்டில் வந்து அவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு எடுத்துடுங்க."

"எந்திரி மொதல்ல!" அண்ணன் சீறிவிட்டார். "அம்பது வயசுல சாவுப் படமா? அறுபது ஆகட்டும்."

வயதானவர்கள் எடுத்தால் ஆயுள் கூடும், முன்னாலேயே எடுத்தால் எமனைக் கூப்பிட்ட மாதிரி என்று அவருக்குப் பயம். இத்தனை சென்சார் விளக்கம் சொல்கிற மனிதருக்கு இப்படி ஒரு பயம்.

"நான் கெழவியானப்புறம்தான் எடுப்பாராம். இப்ப அழகா இருக்கேன்ல, அவருக்குப் பொறுக்கல" என்று சிரித்துக்கொண்டே அக்கா எழுந்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து ஒரு காலையில், சந்தையில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

மத்தியானம் அண்ணனும் மகள் குயெனும் என் கடைக்கு வந்தார்கள். சாயங்காலம் ஊதுபத்தி ஏற்றுவதற்குள் படம் வேண்டும். மறுநாள் சவப்பெட்டிக்கு முன்னால் எடுத்துப் போவதும் அதுதான். குயென் போனை நீட்டினாள். எல்லாம் மங்கலான சமையலறையில் எடுத்தவை. பெரிதாக்கினால் முகம் முழுக்க மணல் தூவியதுபோல் ஆகிவிட்டது. வெயிலில், ஆற்றங்கரையில் எடுத்தது ஒன்றே ஒன்று தெளிவாக இருந்தது. அதிலும் அக்கா தூரத்தில் நின்றார். உள்ளங்கை அளவுக்கு மேல் போனால் அந்த முகமும் உடைந்தது.

மற்றக் கடைகளில் செய்கிற மாதிரி நானும் கம்ப்யூட்டரில் முகத்தை வழவழப்பாக்கி, பச்சைப் பட்டை ஒட்டிக் காட்டினேன். உதட்டோர மச்சம் காணாமல் போயிருந்தது.

"இது யாரு?" என்றார் அண்ணன். "அழிச்சுடு."

"ஊர்க் கெழவங்க அத்தனை பேரும் உங்க பெரிய கேமராவுல இருக்காங்கப்பா. அம்மா மட்டும் இல்ல" என்று குயென் உடைந்து அழுதாள்.

"இருந்தாம்மா" என்றார் அண்ணன். "ஒவ்வொரு கல்யாணத்துலயும் இருந்தா."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். பெண் அலங்காரம் முடிந்து வருவதற்கு முன், மணப்பெண் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து வெளிச்சம் சரிபார்க்க நாலைந்து படம் எடுப்பாராம். பெரிய சென்சார், சரியான விளக்கு. சுவர் அளவுக்குப் போட்டாலும் தாங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அழித்துவிடுவாராம்.

"ஏண்ணே அழிச்சீங்க?"

"கார்டுல எடம் வேணுமே." என்றார் அண்ணன். "ஒவ்வொண்ணையும் பெருசாக்கிப் பாத்துட்டுத்தான் அழிச்சேன், தங்கச்சி. கன்னத்துல நிழல் விழுதான்னு பாத்தேன். அவளைப் பாக்கல."

அன்று ஸ்டுடியோ நாற்காலியிலிருந்து அக்காவை அவர் எழுப்பிவிட்டபோது நானும் அங்கேதான் நின்றேன். ஒரு படம்தானே, எடுங்களேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆற்றங்கரைப் படத்தை உள்ளங்கை அளவிலேயே போட்டு, வழக்கமான பெரிய சட்டத்தின் நடுவில் பொருத்திக் கொடுத்தேன். மறுநாள் சவப்பெட்டிக்கு முன்னால் குயென் அதை இரண்டு கையாலும் ஏந்திப் போனாள். தெருவோரம் நின்றவர்களுக்கு முகம் தெரியவில்லை. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் நடந்த அண்ணன் ஒவ்வொருவரிடமும், "லியூதாங்க, என் சம்சாரம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.