எக்ஸ்ரே சாரின் பிரேக்

தெருவில் அவருக்கு எக்ஸ்ரே சார் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். இருபத்திரண்டு வருடமாக அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். வேலையில் கெட்டி. அதைக் கேட்டவர்களிடமும் சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். அதிலும் இடம் வலம் விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. படத்தை, நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோல வைத்துப் பார்க்க வேண்டும். நமக்கு வலப்பக்கம் தெரிவது அவருக்கு இடப்பக்கம். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது இதில் கோட்டை விடுவார்கள். எக்ஸ்ரே சார் அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு வாசலில், முன்சக்கரங்கள் கழற்றிய காரின் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"மிதி... மிதி... மிதி... பிடி! பிடின்னா பிடிக்கணும்!"

"பிடிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

உள்ளே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. அதே மருத்துவமனையில் நர்ஸ், தெருவுக்கு நர்சம்மா. எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

"எங்க பிடிச்சே? பெடல் தரையைத் தொடுது. நீ சரியா மிதிக்கல!"

நர்சம்மா காலை எடுத்து மறுபடி மிதித்தார். இந்த வாக்கியம் அவருக்குப் புதிதில்லை.

கார் பத்தொன்பது வயசுக் கிழம். கல்யாணமான மூன்றாம் வருடம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. விற்றுத் தொலைக்கலாம் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். சார் கேட்கவில்லை. விற்பதற்குப் பதில் அதை முன்னேற்ற ஆரம்பித்தார். முதல் வருடம் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாற்றினார். ஒரு வாரம் என்று ஆரம்பித்தது ஒன்றரை மாதம் இழுத்தது. துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டியே பாதி நாள் போனது. அடுத்து கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் தட்டு மாற்றினார். திரும்ப ஏற்றிப் பூட்டியபோது ஒரு போல்ட் மிச்சம். அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. காலி மருந்துப் புட்டி ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வண்டி நன்றாகவே ஓடியது. அதனால்தான் அவருக்குத் தலைக்கனம் ஏறியது.

பிரேக்கை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அதுதான் தப்பு. போன வருடம் நாலு தெரு தள்ளி இருக்கும் இறக்கத்தில் நர்சம்மா வண்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது பெடல் உள்ளே போய்விட்டது. கை பிரேக்கை இழுத்து, நடைபாதை ஓரக்கல்லில் சக்கரத்தை உரசி, ஒரு மதில் சுவருக்கு ஒரு முழம் முன்னால் எப்படியோ நிறுத்திவிட்டார். ஓடி வந்த எக்ஸ்ரே சார் அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால் கேட்டது, "சரியா மிதிச்சியா இல்லையா?" என்றுதான். அன்றைக்கு வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்த நர்சம்மா அதற்குப் பிறகு வண்டி ஓட்டவே இல்லை. பயத்தில் விட்டுவிட்டாள் என்று சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வாரத் தொடக்கத்தில் நர்சம்மாவுக்கு மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மூன்று பஸ் மாறிப் போனால் ஒன்பதாகும். காரில் முக்கால் மணி நேரம்.

"அங்க குவார்ட்டர்ஸ் காலியா இருக்காம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. நான் அங்கேயே தங்கிக்கிறேன், லீவுக்கு வர்றேன்" என்றார் நர்சம்மா, சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே.

சார் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "வேணாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பிரேக்கைப் புதுசா போட்டுத் தர்றேன். நீயே ஓட்டிட்டுப் போ."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். என் காலுக்குப் பெடல் கெட்டியா இருக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. புதன்கிழமையே ஹாலில் ஒரு பெட்டி வந்து நின்றது. மடித்த புடவைகள், குக்கர், அலாரம். சார் போகும்போதும் வரும்போதும் அதில் இடித்துக்கொண்டார்.

வாங்கியது சாதாரண பிரேக் இல்லை. இதே கம்பெனியின் பெரிய மாடல் காரில் வரும், சக்கரத்தோடு சுற்றும் பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும். பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில் தேடிப் பிடித்தார். கடைக்காரர் இரண்டு காலிப்பரிலும் சாக்பீஸால் இடது, வலது என்று எழுதித்தான் கொடுத்தார். சார் அதைப் பார்த்துச் சிரித்தார். வண்டிக்கு எதிரே நின்று கழற்றியவன், தன் கைப்பக்கத்தை வைத்து எழுதியிருப்பான். இந்த அசட்டுத்தனத்தை இருபத்திரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருப்பவருக்கா தெரியாது? வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்தார். இடதில் வலது என்றும், வலதில் இடது என்றும் தன் கையாலேயே எழுதி, கோடும் இழுத்தார். இரண்டும் போல்ட் துளைக்குக் கச்சிதமாகப் பொருந்தின. மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். பிரேக் ஆயில் ஓடும் குழாயில் காற்று நின்றால் பெடல் பஞ்சாகிவிடும். காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகு ஒன்றைத் திறந்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் திறக்க, இரண்டு ஆள் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் அறுபது தடவை மிதித்திருப்பார் நர்சம்மா. இரண்டு புட்டி ஆயில் தீர்ந்தது. தெறித்த ஆயில் முன்பக்கப் பெயிண்டை உரித்தது. பெடல் அதே பஞ்சு.

சனிக்கிழமை தெருமுனை மெக்கானிக் எட்டிப் பார்த்தார். குனிந்து பெடலை ஒருதரம் கையால் அமுக்கினார். "சார், காத்து இருக்கு."

"அதைத்தானேய்யா நேத்துலேர்ந்து எடுத்துக்கிட்டு இருக்கேன்!"

"சக்கரத்தாண்ட ஒருதரம் பாத்துடட்டுமா?"

"அங்க எல்லாம் பெர்ஃபெக்ட். நான் பூட்டினது. நீ மூக்கை நுழைக்காதே."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சார், கோளாறு மேலே, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கிவந்து அதையும் மாற்றினார். விரல் முட்டி இரண்டில் தோல் பெயர்ந்தது. நர்சம்மா மறுபடி மிதித்தார். பஞ்சு.

"ஒரு பெடலை மிதிக்கத் தெரியல! ஒரே சீரா அமுக்கணும்னு எத்தனை தரம் சொல்றது?"

நர்சம்மாவின் தம்பி போனில் வந்து, "மாமா, பேசாம வித்துடுங்க. இரும்புக் கடையில எடை போட்டாவது எடுத்துக்குவான்" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினான். சார் போனை அணைத்து, ஸ்பேனரைத் தரையில் அடித்தார். ஸ்பேனர் துள்ளிப் போய் முன்விளக்கைத் தட்டியது. விளக்குக் கண்ணாடியில் ஒரு கீறல். அழுகையே வந்துவிட்டது அவருக்கு. இந்த வீட்டில் தனியாக என்ன செய்யப் போகிறோம் என்ற நினைப்பு அப்போதுதான் முழுசாக வந்து உறைத்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான்காவது புட்டி ஆயில். நர்சம்மாவின் கெண்டைக்கால் வீங்கியிருந்தது.

"மிதி... மிதி... பிடி. ம்ஹும். நீ சரியா—"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நர்சம்மா இறங்கி வந்து அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று சார் தயாரானார். அவரோ காலிப்பரையே உற்றுப் பார்த்தார்.

"காத்தை வெளியே விடுற திருகு எது?"

"இதோ, இது. இதெல்லாம் உனக்கு—"

"கீழ இருக்கு."

"கீழதான் இருக்கு. அதுக்கென்ன?"

"காத்து மேலதானே ஏறும்? ட்ரிப் போடுறப்ப ட்யூப்ல குமிழி நின்னா, நாங்க தட்டித் தட்டி மேலதான் ஏத்துவோம். இங்க குமிழியெல்லாம் மேல உக்காந்துக்கும். நீங்க கீழ திறந்து நல்ல ஆயிலைத்தான் இறக்கிக்கிட்டு இருக்கீங்க."

சார் எழுந்து அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் திருகு கீழேதான். திருகு மேலே வரவேண்டுமானால் இந்தக் காலிப்பர் அந்தப் பக்கம் போக வேண்டும், அது இந்தப் பக்கம் வர வேண்டும். தன் கையால் எழுதிய எழுத்து, கோட்டோடு, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

"என்னங்க?"

"இடது வலது மாத்திப் பூட்டிட்டேன்."

"யாரு, நீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நர்சம்மா சிரித்திருந்தால்கூடத் தேவலை போல இருந்தது.

"ட்ரெயினிங்குக்கு வர்ற பிள்ளைங்க காதுக்குப் போகாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார்.

மாற்றிப் பூட்ட இரண்டரை மணி நேரம் ஆனது. திரும்ப மிதிக்க உட்கார்ந்தபோது சார் கத்தவில்லை. மிதி, பிடி என்று காதோடு சொல்வதுபோலச் சொன்னார். திருகில் மாட்டியிருந்த ட்யூபில் குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. பத்தாவது மிதியில் நர்சம்மாவே சொன்னார்:

"நின்னுடுச்சுங்க. கல்லு மாதிரி இருக்கு."

சக்கரங்களை மாட்டினார்கள். சார் டிரைவர் பக்கம் போகப் போனார்.

"அந்தப் பக்கம் ஏறுங்க" என்றார் நர்சம்மா.

முதலில் தெருவுக்குள்ளேயே நாலைந்து தரம் மெதுவாக நிறுத்திப் பார்த்தார். பிறகு எங்கே போகிறோம் என்று சார் கேட்கவில்லை. இரண்டாவது திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. அதே இறக்கம். அதே மதில் சுவர், ஓரக்கல்லில் போன வருடக் கீறல். ஞாயிறு மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லை. நர்சம்மா வேகத்தைக் குறைக்காமல் இறக்கினார். சாரின் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. கீறல் இருந்த இடம் வருவதற்குள் நர்சம்மா பெடலை அழுத்தினார். வண்டி ஆணியடித்ததுபோல நின்றது. சாரின் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது.

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நர்சம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் நேரே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இப்ப சரியா மிதிச்சேனா?"

எக்ஸ்ரே சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரியாத்தான் மிதிச்சே" என்றார். ஓரக்கல்லில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கும் நீ சரியாத்தான் மிதிச்சே" என்றார்.

நர்சம்மா மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, கியரைப் போட்டார்.

"வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியை எடுத்துப் பரண்ல போடுங்க. ஹாலை அடைச்சுக்கிட்டு நிக்குது."