பெட்டியை எங்கே வைப்பது

வரைபடத்தில் காலியிடம் கண்டால் என் கை சும்மா இருக்காது. வடக்கைக் காட்டும் அம்பு, அளவுகோல், குறிகளுக்கு விளக்கம் சொல்லும் பெட்டி என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்துவிடுவேன். தூத்துக்குடியில் படம் வரைகிறவனுக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு. வலது பக்கம் முழுக்கக் கடல்.

புன்னைக்காயல் ஊர்க் கமிட்டிக்காரர்கள் கேட்ட படத்திலும் அப்படித்தான் செய்தேன். மீன் பெருகட்டும் என்று அந்தக் கடலில் பெரிய சிமெண்டுக் கட்டைகளை இறக்கப் போகிறார்கள். வலை போடும் இடத்தில் இறக்கிவிட்டால் வலையெல்லாம் மாட்டிக் கிழிந்துபோகும். அந்த இடத்தைப் படத்தில் பேனாவால் வட்டமிட்டு, மறுநாள் கூட்டத்தில் அதிகாரிகளிடம் காட்ட வேண்டும் என்றார்கள்.

படத்தை வாங்கக் கமிட்டித் தலைவரும் ஒரு படகுக்காரரும் வந்தார்கள். படகுக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கரையிலிருந்து கடலுக்குள் விரலை நகர்த்தினார். விரல் என் பெட்டியில் போய் முட்டியது.

"சார், இங்கனதான நாங்க வலை போடுத இடம். அதுமேல பெட்டியத் தூக்கி வச்சிருக்கியளே!"

"கடல்தானே, சும்மாதானே கிடக்குன்னு நினைச்சேன்."

"சும்மாவா? காலையில அங்கனதான் நின்னேன்."

தலைவர் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காபி வாங்கிக் கொடுத்து இருவரையும் உட்கார வைத்தேன். அம்பும் அளவுகோலும் மேல் மூலைக்குப் போய்விட்டன. பெட்டிக்குத்தான் இடமில்லை. கரையோரம் நெடுக ஊர்கள், எதையும் மறைக்க முடியாது. இடது பக்கக் கீழ் மூலையில் மட்டும் கூட்டத்துக்குத் தேவைப்படாத ஓர் ஊர் இருந்தது. சாத்தான்குளம். என் ஊர். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பெட்டியை அதன் தலையில் இறக்கினேன். மறுபடி அச்செடுத்துக் கொடுத்த படத்தில் படகுக்காரர் கடலில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் தலைவர் போன் செய்தார்.

"அங்கன கட்டைய எறக்க மாட்டாவளாம் சார்!"

நல்ல செய்தியைச் சொல்ல மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்கும் சாத்தான்குளம்தான். மேஜையில் கிடந்த பிரதியை மேலும் கீழும் தேடினாள்.

"என்னங்க, நாசரேத் இருக்கு. நம்ம ஊரக் காணோம்?"

"இந்தப் பெட்டிக்கு அடியில இருக்கு."

"எங்கம்மா வீட்டு மேலயா? சும்மாதான கெடக்குன்னு வச்சிட்டியளோ?"

முந்தின நாள் நான் சொன்ன அதே வார்த்தை. சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"இல்ல. இந்தத் தடவை அடியில யார் இருக்காங்கன்னு தெரிஞ்சேதான் வச்சேன்."