திருநீறு பட்ட கண்ணாடி

ரத்னவேலின் வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்குக்கூட ஒரு முறை உண்டு. முதலில் குழாயடியில் காட்ட வேண்டும். தூசி ஓடிய பிறகு ஒரு சொட்டு சோப்பு, விரல் நுனியால் ஒரு தடவல், மறுபடி தண்ணீர், கடைசியில்தான் துணி. அவர் மனைவி விசாலாட்சி இதைக் கல்யாணமான நாள் முதல் கேட்டு வருகிறாள். கல்யாணமான நாள் முதல் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவிலோ முந்தானையிலோ ஒரு தேய் தேய்த்துப் போட்டுக்கொண்டும் வருகிறாள்.

"தூசியை வெச்சுத் தேய்க்காதன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்பார் அவர்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது லா, உங்க மூஞ்சி உட்பட" என்பாள் அவள். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில், தமிழ் தெரியாத பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கே இந்தச் சண்டை மனப்பாடம்.

அவர் நச்சரிப்பதற்குக் காரணம் இருந்தது. லோயாங்கில் விமானம் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் ஆயுளில் பாதியை ஜன்னல்களோடு கழித்தவர். விமானத்து ஜன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். மழையும் மணலும் உரசி மங்கிப்போனவற்றைக் கழற்றிக்கொண்டு வந்து அவரிடம் கொடுப்பார்கள். அவர் நனைத்த உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பாலிஷ் போட்டு, இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்க்கும்படி ஆக்கித் திருப்பிக் கொடுப்பார். எத்தனையோ பேர் அந்த ஜன்னல்கள் வழியாக ஊரைப் பார்த்து அழுதிருப்பார்கள். அவர் மட்டும் விமானம் ஏறினால் நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குவார். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீறல்தான் கண்ணில் படும், பயணமே பாழ் என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. காக்கி புக்கிட்டில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் ஹுசைன், "அண்ணே, நம்ம பட்டறைக்கு வாங்க, ஒரு மூலை தர்றேன்" என்றான். ஹுசைனின் அப்பா ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். மகனுக்கு இரும்பைவிட அது ஓடுவதில்தான் பிரியம், பட்டறையில் பந்தயக் கார் வேலையையும் சேர்த்துக்கொண்டான். பந்தயக் காரில் கனம் குறைய வேண்டும் என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போடுவார்கள். அது உடையாது, ஆனால் தொட்டதற்கெல்லாம் கீறும். சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் இல்லாததால் லாரியில் ஏற்றி மலேசியாவில் செப்பாங்குக்குக் கொண்டுபோவார்கள். முன்னால் போகிற கார் வாரியடிக்கும் மணலை எல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு கார் திரும்பி வரும். அதற்குப் பிறகு ரத்னவேலின் மூலைதான்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகள் அனிதா அந்த மூலையில்தான் கெட்டாள் என்று விசாலாட்சி சொல்வாள். தெம்பனிஸில் ஆபீஸ் வேலை, நல்ல சம்பளம், எல்லாம் இருந்தும் இரண்டு சிநேகிதிகளோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு மழை நாளில் செப்பாங்கில் கார் சுழன்று போய்ச் சுவரில் இடித்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் விசாலாட்சி திட்டவில்லை, அழவும் இல்லை. எலும்பு கூடி, "திரும்ப ஓட்டப் போறேன்மா" என்று அனிதா சொன்ன அன்று, "உன் இஷ்டம்" என்றாள். அதோடு சரி. அந்த வீட்டில் சோறு, துணி, சம்பளம், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் பேசப்படும். கார் மட்டும் பேசப்படாது. இரண்டு வருஷமாக அனிதா செப்பாங்குக்குக் கிளம்பும் நாளில் விசாலாட்சி வேலை பார்க்கும் தேக்கா தையற்கடைக்குத் தவறாமல் அவசர பிளவுஸ் ஒன்று வந்துவிடும்.

இந்த முறை பந்தயம் ஞாயிற்றுக்கிழமை, லாரி கிளம்புவது வெள்ளி மதியம். வியாழனன்று ரத்னவேல் அனிதா காரின் முன்கண்ணாடியைப் பளிங்காக்கி முடித்தார். அதன்மேல் ஒட்ட வேண்டிய பல அடுக்கு மெல்லிய படலம் பாக்கி. அழுக்கானால் மேலடுக்கை உரித்துவிட்டு ஓட்டலாம். கை சோர்ந்த நேரத்தில் ஒட்டினால் நடுவில் கொப்புளம் நிற்கும் என்று காலைக்கு ஒதுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது ஓர் அதிசயம் பார்த்தார். விசாலாட்சி குழாயடியில் மூக்குக் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு மேற்கால உதிச்சிருக்கா சூரியன்?" என்று கேட்டார். அவள் திரும்பாமல் இன்னொரு சொட்டு சோப்பு எடுத்தாள்.

பட்டறையில் காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முன்கண்ணாடியில், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே, மூன்று கோடு திருநீறு. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அதற்குக் கீழே ஒரு கையகலத்துக்கு வட்டம் வட்டமாகக் கீறல்.

ஹுசைன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"நேத்து நீங்க போன பிறகு அண்ணி வந்தாங்கண்ணே. கோயில்லேர்ந்து நேரா வர்றேன்னாங்க. எது அனிதா காருன்னு கேட்டாங்க. டயருக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் வெச்சாங்க. நான் கம்ப்ரெஸரை ஆஃப் பண்ணிட்டு ஓரமா நின்னுட்டேன்."

"துடைச்சது யாரு?"

"சந்தனம் வழிஞ்சிச்சு. பையிலேர்ந்து துண்டை எடுத்து ஒரு தேய் தேய்ச்சாங்க. சாமி கும்பிடறவங்களை எப்படிண்ணே கையப் பிடிச்சு நிறுத்தறது?"

நிறுத்த முடியாதுதான். சிராங்கூன் ரோட்டில் பூசை போட்ட புதுக் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் ரத்னவேல் கவலையில்லாமல் கடந்து போவார். அவை கண்ணாடி, சாம்பலுக்கும் துண்டுக்கும் அசையாது. இது அசையும். அதுவும் பட்டறைத் தூசியோடு காய்ந்த திருநீற்றை வைத்துத் தேய்த்தால் சொல்லவே வேண்டாம்.

கோபம் வரவில்லை. இரண்டு வருஷமாகக் காரின் பேரைக்கூடச் சொல்லாதவள் பஸ் ஏறி, விசாரித்து, இந்த எண்ணெய் நாற்றத்துக்குள் வந்திருக்கிறாள். இதை எப்படிக் கழுவுவது? கழுவாமல் விட்டால் மதிய வெயில் கீறலில் பட்டுச் சிதறி, வளைவில் அனிதாவுக்கு ரோடே தெரியாது. கழுவியதை விசாலாட்சி பார்த்தால், ஆசையாய் வைத்ததை மகள் துடைத்துவிட்டாள் என்று நினைப்பாள். காரணத்தைச் சொன்னாலோ இனி இந்தப் பக்கமே வரமாட்டாள்.

"நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வந்ததும் லாரியை எடுக்கணும்ணே" என்றான் ஹுசைன்.

விரலை நனைத்துத் திருநீற்றைத் தொட்டார் ரத்னவேல். தண்ணீரோடு சாக்கடைக்குப் போக வேண்டாமே என்று தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். பொங்கல் தீபாவளிக்குக்கூட விசாலாட்சி வற்புறுத்தித்தான் அவருக்கு இடுவாள். பிறகு நீர்க்குழாயைத் திறந்தார். மண்துகள் ஒன்றுகூட மிஞ்சாதபடி நீர் ஓடவிட்டு, நகத்தால் கீறலைச் சோதித்தார். நகம் மாட்டவில்லை, ஆழம் இல்லை. ஆனால் கீறிய இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, பார்க்கிற ரோடு நெளியும். ஒரு கை அகலக் கீறலுக்காக முழுக் கண்ணாடியையும் மறுபடி பாலிஷ் போட வேண்டும். இயந்திரத்தை மெதுவாகச் சுழலவிட்டார். சூடு ஏறினால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும், அதனால் அடிக்கடி புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பாதி வேலையில் அனிதா வந்தாள். ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தாள்.

"என்னப்பா நெத்தியில? கோயிலுக்கா போனீங்க?"

"நான் போகல. உங்கம்மா போனா. இங்கயும் வந்தா."

அவர் நடந்ததைச் சொன்னார். அனிதா கீழே உட்கார்ந்து டயர் அடியிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அழிக்காம இருந்திருக்கலாம்ல? நான் எப்படியாவது ஓட்டிக்குவேன்."

"ரோடு தெரியாம ஓட்டுறதுக்கா அவ வேண்டிக்கிட்டா?" என்றார் ரத்னவேல். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அனிதா ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து அவரிடம் நீட்டினாள்.

பாலிஷ் முடிந்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் படலத்தை ஒட்டி, ரப்பர் பட்டையால் நீரை வழித்துக்கொண்டிருந்தபோது பட்டறை வாசலில் விசாலாட்சி நின்றாள். கையில் தையற்கடைப் பை. அவசர பிளவுஸ் எதுவும் இன்று வரவில்லை போலிருக்கிறது. அவள் பார்வை நேரே முன்கண்ணாடிக்குப் போயிற்று. திருநீறு இல்லை.

ரத்னவேலுக்குப் பொய் சொல்ல வராது. இருந்தும் முயன்றார்.

"மழைத் தண்ணி பட்டு..."

"கூரைக்குள்ளயா?" என்றாள் விசாலாட்சி. அப்புறம் அவர் நெற்றியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நான் கீறிட்டேன்ல? துண்டை வெச்சுத் தேய்ச்சப்பவே கரகரன்னு சத்தம் கேட்டுச்சுங்க. தூசியை வெச்சுத் தேய்க்காதன்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்தது இதுதான்னு புரிஞ்சிச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு. ராத்திரி பூரா தூக்கமில்ல. இன்னிக்குக் கடையில உக்காந்தா ஊசி கோக்க முடியல. என்னால இவளுக்கு ரோடு தெரியாமப் போயிடுச்சுன்னா? அதான் லாரி போறதுக்குள்ள சொல்லிடலாம்னு ஓடியாந்தேன்."

காலையில் குழாயடியில் ஏன் நின்றாள் என்று ரத்னவேலுக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசிச் சொட்டு நீரையும் வழித்துவிட்டு, கண்ணாடி முன்னாலிருந்து விலகி நின்றார்.

அனிதா கார்க் கதவைத் திறந்தாள்.

"ஏறி உக்காருங்கம்மா. நீங்களே பாருங்க."

"நான் எதுக்குடி?"

"உக்காருங்கம்மா."

உள்ளே குறுக்கே போகும் இரும்புக் குழாயைத் தாண்டி இருக்கையில் இறங்குவதற்குள் விசாலாட்சி மூன்று சாமி பேரைச் சொல்லிவிட்டாள். அனிதா காருக்கு முன்னால் போய் நின்றாள். விசாலாட்சி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி தெரிந்தது. வாசலில் நிற்கும் லாரி தெரிந்தது. மகள் சட்டையில் இரண்டாவது பொத்தான் நூல் விட்டிருப்பதுகூடத் தெரிந்தது.

"அனிதா" என்று கூப்பிட்டாள். மகள் கதவருகே வந்து குனிந்தாள். "அன்னிக்குச் சுவர் வந்தது உனக்குத் தெரிஞ்சிச்சா?"

இரண்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரிஞ்சிச்சும்மா. தெரிஞ்சதாலதான் கடைசியில கொஞ்சம் திருப்ப முடிஞ்சிச்சு. இல்லன்னா தோளோட போயிருக்காது."

விசாலாட்சி இருக்கையில் இருந்தபடியே கணவரைப் பார்த்தாள். அன்று அந்தக் காரில் இருந்ததும் அவர் துடைத்த கண்ணாடிதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இப்போது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவருக்கு அது போதுமாயிருந்தது.

ஹுசைன் தொழுகை முடித்து வந்து, பேச்சைக் கலைக்காமல் லாரிப் பக்கம் போய்விட்டான்.

"பையில திருநீறு இருக்கு. இனி இதுல வைக்கமாட்டேன், பயப்படாதீங்க" என்றாள் விசாலாட்சி.

"எனக்கு வைங்கம்மா" என்றாள் அனிதா.

அவள் கதவுக்குள் தலையை நீட்டினாள். விசாலாட்சி பொட்டலத்தைப் பிரித்து, மகள் நெற்றியில் கோடாக இழுத்தாள். ஹெல்மெட்டுக்குள் கலையாமல் இருக்க வேண்டும் என்று கொஞ்சம் அழுத்தியே இழுத்தாள். பிறகு ஒரு கையை மகளின் கண்களுக்குமேல் கூரையாக வைத்து, திருநீறு கண்ணில் விழாதபடி மறைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாள்.

உதிர்ந்த திருநீறு பறந்துபோய் முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் படிந்தது. ரத்னவேல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கை வழக்கம்போலத் தண்ணீர்ப் புட்டிவரை போயிற்று. செப்பாங்கில் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டார்.