பாயிலா, கதிரையிலா?

மலத்தோடு இரத்தம் போனபோது மூலம் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தலைசுற்றி விழப்போன பிறகுதான் எங்கள் ஊரான கனமூலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

வெட்டி எடுத்துவிட்டால் சரி என்று போனேன். ஆனால் என் வயதுக்காரருக்கு முதலில் தளர்ச்சி மதிப்பீடு (வயதான உடம்பு சத்திரசிகிச்சையையும் மருந்தையும் தாங்குமா என்று முன்கூட்டிப் பார்ப்பது) செய்ய வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவி, இனி எதற்கு வைத்தியம் என்று திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். இதை வாசிக்கிற உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கலாம்.

உள்ளே ஒரு பெண் டொக்டர் இருந்தார். சமைப்பது யார், குளிப்பது எப்படி, கடைக்குப் போவது யார் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், கூட வந்த என் மகள் நஸீமா முந்திக்கொண்டாள்.

"உம்மாவ ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல டொக்டர். தண்ணி வாத்துக் குளிப்பாட்டுறதும் நான்தான். தேத்தண்ணியும் கைக்குக் கொண்டுபோய்க் குடுப்பன்."

எங்கள் பக்கத்தில் அதுதான் மகளுக்குப் பெருமை. வயதான தாயை வேலை செய்ய விட்டாள் என்று ஊர் சொல்லிவிடக் கூடாது. அவள் சொல்லச் சொல்ல டொக்டரின் முகம் மாறியது. எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டிய உடம்பை யார் வெட்டத் துணிவார்கள்?

"அல்லாஹ்வே, பச்சைப் பொய்!" என்றேன். "இவள் எழும்ப முந்தி அடுப்புப் பத்தவைக்கிறது நான். சண்டைக் காலத்தில எங்கள விரட்டினப்ப, இவளை இடுப்பில வச்சுக்கொண்டு மன்னாரில இருந்து கற்பிட்டிக்குக் கடல் தாண்டி வள்ளத்தில வந்து இறங்கினவள் நான். எனக்கு எல்லாம் ஏலும்!"

"உம்மா, சும்மா இரிங்க!"

டொக்டர் நஸீமாவை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினார்.

"உம்மா, நீங்க தொழுறது பாயிலா, கதிரையிலா?"

மற்ற எதையும் கூட்டிச் சொல்லியிருப்பேன். தொழுகையில் எப்படிப் பொய் சொல்வது? சில மாதங்களாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதிரையில் (நாற்காலியில்) இருந்துதான் தொழுதேன். சுஜூதிலிருந்து (நெற்றி நிலத்தில் படக் குனிவது) எழும்ப முழங்கால் விடவில்லை. ஒருநாள் பாயிலேயே சரிந்து கிடந்தேன். நஸீமாவுக்கு அது தெரியாது.

"கதிரையில," என்றேன். "ஒருக்கா விழுந்துட்டன்." இனி வீட்டுக்குத்தான் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

டொக்டர் என்னைக் கை ஊன்றாமல் கதிரையை விட்டு எழும்பச் சொன்னார். நடக்க வைத்தார். ஒரு கருவியைக் கையால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு நஸீமாவைக் கூப்பிட்டார்.

"வெட்டத்தான் வேணும். ஆனா இப்ப வெட்டினா உம்மா கட்டிலோட கிடந்துருவா. முதல்ல காலுக்குப் பெலன் வரட்டும், இரத்தம் கூடட்டும். மீன், முட்டை குடுங்க, நடக்க விடுங்க. மகள், அவக்கு ஏலுற வேலையை மட்டும் பறிக்காதீங்க."

ஊருக்குத் திரும்பும் வழியில், மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நஸீமா வெடித்தாள்.

"விழுந்ததை ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா பாயையும் சுருட்டி வச்சிருப்பாய்."



அதன்பிறகு நான் தண்ணீர் அள்ளிக் குளிக்க, அவள் கிணற்றடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அவளுக்கு உயிர் போனது. எனக்கோ அந்த நோய் உள்ளே வளர்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயம். காலுக்குப் பெலன் வந்தபிறகு ஒருவழியாகச் சத்திரசிகிச்சை முடிந்தது. கீமோவை (புற்றுநோயைக் கொல்லும் மருந்து) என் உடம்புக்குத் தக்கபடி குறைத்துத் தந்தார்கள். மறுபடி வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

முன்பெல்லாம் தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்த கையோடு அடுப்படிக்கு ஓடுவேன். இப்போது விடியற்காலைச் சுபஹுக்கு மட்டும் பாய், மற்ற நேரங்களுக்குக் கதிரை. கதவைச் சாத்துவதில்லை. சுஜூதிலிருந்து கை ஊன்றி, மூச்சு வாங்கி, மெல்ல எழும்புகிறேன். நஸீமா வாசலில் நிற்பது எனக்குத் தெரியும். அவள் ஓடி வந்து பிடிப்பதில்லை. நான் எழும்பும்வரை காத்திருக்கிறாள்.