பிள்ளையார் என் வாயை அடைத்த சனிக்கிழமை

ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க மழையில் மோட்டார் சைக்கிள் ஓடியவன் நான். அடியார்களே, அந்தப் பின்னேரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நமது கோயில் மலரில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தீராத நோய் தீர்ந்த கதையைத்தான் எழுதுவார்கள். என் நோய் வாயில் இருந்தது. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை. என் மனைவி விசாரித்துப் பார்த்துவிட்டாள்.

நான் வவுணதீவுப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழை வைத்துக்கொண்டு இருபது வருடம் சமாளித்தேன். பட்டம் இருந்தால்தான் பதவி உயர்வு என்று சொன்னார்கள். நாற்பத்தெட்டு வயதில் வெளிவாரிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். கூடப் படித்ததெல்லாம் என் மகள் வயதுப் பிள்ளைகள். அங்கே நானும் வெறும் மாணவன்தான், அதிலும் கடைசி வரிசை வாங்கு மாணவன். ஆனால் வாத்தியார் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோருக்கும் நான் "சேர்". சேர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் திருத்த வேண்டியவன் நான். திருத்தவில்லை. சுகமாக இருந்தது.

அவர்களில் ஒருத்தி தர்சினி. பழுகாமத்து வேளாண்மைக்காரரின் ஒரே மகள். படிக்கப் பதியச் சொன்னது தாய். வகுப்பு நாளில் விடிய எழுந்து பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் தாய்தான். அந்தத் தாய் போன வருடம் ஐப்பசியில் காய்ச்சலில் செத்துப்போனா. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு பட்டப்படிப்புச் சோதனை வந்தது. கார்த்திகை மாதம், நல்ல மழை. சனிக்கிழமை பௌதிகவியலும் வானியலும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பேப்பர். ஒரு பேப்பருக்கு வராவிட்டாலும் முழு வருடமும் போய்விடும்.

பேப்பர் கடினம். வானியல் பகுதியைத் திருப்பியபோது எனக்கு வேர்த்தது. வெளியே மழை, மேலே மின்விசிறி, வேர்த்தது எனக்கு மட்டும்.

சோதனை முடிந்தால் மண்டபத்துக் கேற்றடியில் நின்று விடை ஒத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போனால் நம்முடைய பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கும் வாகை மரத்துக்குக் கீழே, குடையும் பையுமாக ஏழெட்டுப் பேர். ஒரு பெரிய கேள்வியில் எல்லோரும் தடக்கி நின்றார்கள். பூமியைச் சுற்றும் செய்மதி ஒன்றை இன்னும் உயரமான சுற்றுப்பாதைக்கு ஏற்றினால் அதன் வேகம் கூடுமா, குறையுமா? மிச்சம் நாலு பகுதியும் அந்த விடையை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

"கூடும்தானே சேர்?" என்று கேட்டாள் றினோஸா. அவள் காத்தான்குடிப் பிள்ளை.

"கூடாம? மேல ஏத்துறதுக்குச் சக்தி குடுக்கிறமே!" என்றேன்.

தர்சினி மெதுவாகச் சொன்னாள். "நான் குறையும் எண்டு எழுதினன் சேர்."

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

"குறையுமா? பெற்றோல் கூட அடிச்சா உங்கட ஊர்ல பைக் மெதுவாவா புள்ள போகும்? அப்ப எனக்கும் பழுகாமத்தில ஒரு பைக் பாத்துத் தாகா!"

எல்லோரும் சிரித்தார்கள். "தர்சினிட செய்மதியத் தள்ளித்தான் ஸ்டார்ட் எடுக்கணும்" என்று ஒருவன் பின்பாட்டுப் பாடினான்.

"மத்தப் பகுதியெல்லாம் அத வச்சுத்தான் சேர் செஞ்சன்."

"அப்ப ஒண்டும் யோசியாத. எல்லாம் சேர்ந்து ஒண்டாத்தான் கடல்ல விழும்."

அதற்கும் சிரிப்பு. அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். வினாத்தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பைக்குள் வைத்தாள், பஸ்ஸுக்கு நடந்தாள்.

நான் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிறகு, நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே காட்டுவதற்காகப் புத்தகத்தைத் திறந்தேன். குறையும் என்று போட்டிருந்தது. மூன்று தரம் வாசித்தேன். கொடுக்கிற சக்தியெல்லாம் உயரத்துக்குப் போகிறது, வேகத்துக்கு இல்லை. பாதை எவ்வளவு பெரிதோ, ஓட்டம் அவ்வளவு மெது. ஒரே வரிச் சமன்பாடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாலும் விளங்கும். விளங்காத ஒரே ஆளைத்தான் அவர்கள் சேர் என்று கூப்பிட்டார்கள்.

தர்சினிக்குப் போன் அடித்தேன். போன் ஓஃப். திரும்ப அடித்தேன். ஓஃப். றினோஸாவுக்கு அடித்தேன்.

"சேர், அவ நோட்ஸ் கொப்பியெல்லாம் என்ட கையில தந்திட்டுப் போறா. இனித் தனக்குத் தேவையில்லையாம்."

"எதுக்குத் தேவையில்லையாம்?"

"கேட்டன் சேர். ஒண்டும் சொல்லல்ல. அழவும் இல்ல. அதுதான் எனக்கும் ஒருமாதிரிக் கிடக்கு."

டவுணிலிருந்து பழுகாமத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். கீழே வாவி, மழைக்கு நிரம்பி நிற்கும். அந்தப் பாலம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. நகரவே இல்லை.

நான் பதறினால் பார்க்க நல்ல வேடிக்கை. சேர்ட்டை உட்புறம் வெளியாகப் போட்டேன். ஒரு கால் செருப்பு என்னுடையது, மற்றது மகளுடையது. பைக் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு திறப்பைத் தேடினேன். மனைவி வந்து "எங்க இந்த மழைக்குள்ள?" என்றாள். "நான் ஒரு பிள்ளைய..." என்றேன். மிச்சம் வரவில்லை. அவள் ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் போட்டு, நாடியில் பட்டியையும் பூட்டிவிட்டாள்.

என் வீடும் பழுகாமமும் வாவிக்கு ஒரே கரை; படுவான்கரை வீதியால் தெற்கே ஓடினேன். இடப்பக்கம் வாவி, வலப்பக்கம் வயல். ஒவ்வொரு மதகிலும் வேகத்தைக் குறைத்துத் தண்ணீரைப் பார்த்தேன். பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம். தாய் செத்து ஒரு மாதம். நாலு பேருக்கு முன்னால் ஒரு கிழட்டு வாய். வேறு என்ன வேண்டும் ஒரு பிள்ளைக்கு?

வழியில் மருதமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். கூரைகூட இல்லை. பைக்கை நிறுத்தி இறங்கித் தோப்புக்கரணம் போடத் தொடங்கினேன். மாடு சாய்த்து ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஹெல்மெட்டக் கழட்டினாத்தான் ஐயா காதப் பிடிக்கலாம்."

கழற்றினேன். சேற்றில் முழங்கால் போட்டேன். முதலில் பதினொரு தேங்காய் உடைக்கிறேன் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஒரு உயிருக்குப் பதினொரு தேங்காயா? பிறகு சொன்னேன். "என்ட மார்க்க எடுத்துக்க அப்பனே. பெயில் ஆக்கு, பதவி உயர்வும் வேணாம். அந்தப் புள்ளைய உசிரோட காட்டு. நாளைக்கு அவள மண்டபத்தில கொண்டுபோய் இருத்து. அவளிட்ட என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியல்ல. சொல்ல ஒரு வார்த்தை தா." இவ்வளவு வயதில் நான் பகிடி கலக்காமல் செய்த முதல் பிரார்த்தனை அது.

அவள் வீட்டுக்குப் போனபோது தகப்பன் தம்பிராசா அண்ணன் முற்றத்தில் வாய்க்கால் வெட்டி வெள்ளத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

"தர்சினியா? அவ டவுண்ல கூட்டாளிப் புள்ளையோட நிண்டு நாளையையும் எழுதிப்போட்டு வாறதெண்டுதானே போனவ?"

நடந்ததைச் சொன்னேன், என் பெற்றோல் பகிடியையும் விடாமல். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மண்வெட்டியைச் சாத்தி வைத்தார்.

"வட்டைப் பக்கம், வயலுக்க முதல்ல பாப்பம். மறுகா மத்த இடம்."

பின்னால் ஏறி என் தோளில் கையை வைத்தார். வயசாளியின் காய்த்துப்போன கை. அது வழிநெடுக என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி இன்றைக்கும் என் தோளில் இருக்கிறது.

வயல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொக்கு. தூரத்தில் ஒரு நீலச் சட்டை குனிந்திருந்தது. சோதனைக்குப் போட்டுவந்த அதே சட்டை. பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ள!" என்றார் தகப்பன். குரல் உடைந்து போயிற்று.

அவள் நிமிரவில்லை. "அம்மாட வேலை குறையில கிடக்கு அப்பா. பாதி வரம்பு வரைக்கும்தான் பிடுங்கியிருக்கா. இனி நான் பாக்கிறன். படிப்புச் சரிவராது."

உயிரோடு இருக்கிறாள். நன்றி சொல்லக்கூட எனக்கு நேரமில்லை. வரம்பில் ஓடி விழுந்து எழும்பினேன்.

"தர்சினி, நீ எழுதினதுதான் சரி. நான் சொன்னது பிழை. புத்தகத்தில பாத்திட்டன்."

"புத்தகம் எங்க சேர்?"

மேசையில் இருந்தது. இரண்டு சாதிச் செருப்போடு வந்தவன் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை.

"ஆறுதல் சொல்ல வந்திருக்கீங்க. உங்கட எந்தக் கதை சேர் பகிடி இல்லாதது? எத நான் நம்புற?"

அடியார்களே, எனக்கு ஒரு வார்த்தை தா என்று கேட்டிருந்தேன். அந்த இடத்தில் வாயைத் திறந்தேன். வரவில்லை. சத்தியம் பண்ணவும் வரவில்லை, சமாளிக்கவும் வரவில்லை. வாயை யாரோ கையால் பொத்தியது போல. இருபது வருடம் வகுப்பில் ஒரு நிமிடம் சும்மா நில்லாத வாய் அது. சேற்றில் நின்று அழுதேன், அவ்வளவுதான். மழை பெய்ததால் பாதி மறைந்தது. மூன்று பேரும் நின்றோம்.

பிடுங்கிய புல்லை அவள் வரம்பில் போட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வரம்புச் சேற்றில் விரலால் ஒரு வட்டம் கீறினாள். நடுவில் பூமி. ஈர்ப்பு விசையை ஒரு பக்கம் எழுதினாள். சுற்றுவதற்கு வேண்டிய விசையை மறுபக்கம் எழுதினாள். இரண்டு பக்கமும் ஒத்ததை வெட்டினாள். மிஞ்சியது வேகத்தின் வர்க்கமும், கீழே ஆரையும்.

"ஆரை கூடினா வேகம் குறையத்தானே வேணும்" என்றாள். எனக்கு இல்லை, தனக்கே. "நான் சரியாத்தான் எழுதியிருக்கன்."

நான் பேசியிருந்தால் அதைக் கெடுத்திருப்பேன். "பாத்தியா, நான் சொன்னன்தானே" என்று ஏதாவது உளறியிருப்பேன். என்னை அப்படியே ஊமையாக நிறுத்தி வைத்தது என் குணமில்லை. அது யார் கை என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவள் வரம்பில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். செய்மதிக்காக இல்லை. அம்மா, அம்மா என்று அழுதாள். தம்பிராசா அண்ணன் என் காதுக்குள் சொன்னார். "தாய்ட பெட்டிய மூடக்குள்ளயும் இவ அழல்ல சேர். இண்டைக்குத்தான்." சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் குந்திவிட்டார்.

போகும்போது அவர் மகளிடம் கேட்டார். "நாளைக்கு எத்தின மணிக்கு?"

"ஒன்பதுக்கு."

"விடிய நான் பஸ் ஏத்திவிடுறன்."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூன்று வரிசை முன்னால் அவள் இருந்து எழுதினாள். நான் எழுதியதைவிட அவள் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். சோதனை முடிந்ததும் கேற்றடியில் நிற்காமல் வீட்டுக்கு வந்தேன். மனைவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சோதனைப் பெறுபேறு வந்தது. தர்சினி பௌதிகவியலில் முதல் தரத்தில் சித்தியடைந்தாள். நான் பெயில். பிள்ளையார் பேரம் பேசவேயில்லை, கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவளே எனக்குப் போன் எடுத்தாள். "சந்தோசமாத்தான் சேர் இருக்கு. அம்மாக்குச் சொல்லத்தான் வழியில்ல" என்றாள். போனை வைக்காமல் இருந்தேன். அவளும் வைக்கவில்லை.

பதினொரு தேங்காயும் உடைத்துவிட்டேன். இப்போதும் நான் பகிடி விடுகிறவன்தான், ஆனால் என்னைப் பற்றி மட்டும். வகுப்பில் ஒரு பிள்ளை பிழையான விடை சொன்னால், எப்படி வந்தது என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகுகிறேன். சில நாளில் பிழை என்னுடையதாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை வாடின முகத்தோடு வந்து நின்றால், உங்களுக்குச் சொல்ல ஒன்றும் தெரியாவிட்டால், பயப்படாமல் பிள்ளையாரிடம் கேளுங்கள். வார்த்தை தராவிட்டாலும் கைவிட்டார் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். மிச்சத்தை அவர் பார்ப்பார். எனக்குப் பார்த்தார்.

வருகிற மாதம் அதே பேப்பரை நான் திரும்ப எழுதுகிறேன். தர்சினிதான் படிப்பிக்கிறாள். நான் பிழை விட்டால் அவள் சிரிப்பதில்லை, "திரும்பச் செய்யுங்க சேர்" என்கிறாள். ஒவ்வொரு தரமும் எனக்கு அழுகை வருகிறது.