ஒரு வார்த்தை சொல்லாத அண்ணனுக்கு

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. மதினிதான், "நீங்கதான் எழுதணும் தம்பி" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் பிறந்தது சேத்தூரில். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பு ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். அவர் சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தானும் படித்தார், என்னையும் படிக்க அனுப்பினார். நான் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். மும்பையில் ஒரு நிதி நிறுவனத்தில் சாதாரண வேலையில் சேர்ந்து, பெரிய தொழில்களுக்கு முதலீடு திரட்டும் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். அதை விட்டுவிட்டு டெல்லியில் அரசின் பொருளாதார ஆலோசகராகப் போனபோது எங்கள் தெருவே சிரித்தது.

"அம்புட்டு சம்பளத்த விட்டுட்டு எவனாவது போவானா? ஒங்க அண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று என்னிடமே கேட்டார்கள். நான் அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

"இம்புட்டு நாளும் பணம் உள்ளவனுக்கே யோசன சொல்லிட்டேன்லே. கொஞ்ச நாள் ஊருக்கும் சொல்லிப் பாப்போம்" என்றார்.

அப்போது நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஓட்டிக்கொண்டிருந்தேன். நூல் விலை ஏறிக்கொண்டே போனது. வீட்டை அடமானம் வைத்து ஆறு மாதத்துக்கான நூலை வாங்கிப் போட நினைத்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நூல் இப்ப வாங்கிப் போடலாமா?"



"அதப் பத்தி எங்கிட்ட கேக்காதலே."

"ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீக?"

போனை வைத்துவிட்டார். பதவி மிதப்பு என்று நினைத்துக்கொண்டு நூலை வாங்கினேன். அடுத்த வாரமே வெளிநாட்டு நூலுக்கு வரியைக் குறைத்து உத்தரவு வந்தது. விலை சரிந்தது. அந்த முடிவை எடுத்த குழுவில் அண்ணனும் இருந்தார் என்பதைச் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தறிகளைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டேன். வீடும் போனது.

அண்ணன் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவரை வாசலிலேயே நிறுத்தி, "ஒங்க தம்பி செத்துட்டான்னு நெனச்சுக்கோங்க" என்றேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெயிலில் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

ஓய்வு பெற்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீடு பிடித்துக் குடிவந்தார். எனக்காகத்தான் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். பஸ் ஏறினால் அரை மணி நேரம். நான் போகவில்லை. புற்றுநோய் என்று கேள்விப்பட்டும் போகவில்லை. என்ன மனிதன் நான்!

அந்த நாட்களில் அண்ணனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய வன்னியம்பட்டி ஆட்டோக்காரத் தம்பிக்கும், வேளை தவறாமல் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும் நன்றி. நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். உங்கள் காலில் விழக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நன்றி சொன்னதோடு முடித்திருக்கலாம். ஆனால் இதைச் சொல்லாவிட்டால் இந்த மலரே பொய்யாகிவிடும்.

"கடைசியா ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க தம்பி" என்று மதினி போனில் அழுத பிறகுதான் ஓடினேன். அண்ணனுக்கு அடையாளம் தெரியவில்லை. என்னை டெல்லி மேலதிகாரி என்று நினைத்து, எழுந்து உட்காரப் பார்த்தார்.

"சார், ராஜபாளையத்துல எந் தம்பி இருக்கான். நூல் வாங்கப் போறான் சார். வாங்காதன்னு மட்டும் அவங்கிட்ட சொல்லிரட்டுமா?"

நான்தான் அந்தத் தம்பி என்று அழுதேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டார். மூச்சு வாங்கியது.

"சொல்லியாச்சு. ஒங்க தம்பி நூல் வாங்கலையாம்" என்றேன்.

"நெசமாவா சார்?"

"நெசமாத்தான்."

அன்று மாலை உயிர் பிரிந்தது. அதற்கு முன்னால் அண்ணன், இரண்டு கைகளையும் தூக்கி என்னைக் கும்பிட்டார்.