பூவரசு மரத்து ஓணான்

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்ற பூவரசின் அடிமரம் வெயில் ஏற ஏறச் சுடும். அந்தச் சொரசொரப்பில் ஒட்டிக்கொண்டு ஓர் ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டும்போது, அதன் தொண்டை மிளகாய்ப் பழம்போல் சிவந்துவரும். தெருப் பிள்ளைகள் நாங்கள் அதற்கு "ரத்த உறிஞ்சி" என்று பேர் வைத்திருந்தோம். தூரத்தில் இருந்தபடியே நம் தொப்புள் வழியாக ரத்தம் குடித்துவிடுமாம். அதைக் கண்டதும் வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓடுவோம்.

எனக்கு எட்டு வயது நடந்த கோடையில், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, உதடு வெளுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்து, "பாப்பாவுக்கு ரத்தமே இல்லியே" என்று சொல்லி, ஏதேதோ பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். குடித்தது யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. பின்வாசல் கதவைத் திறந்தாலே அலறினேன். சோறு இறங்கவில்லை.

"ஓணான் ரத்தம் குடிக்காதும்மா, பூச்சி பொட்டு தின்னுட்டு அதுபாட்டுக்கு இருக்கு" என்று தையல்காரரான என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, எவ்வளவோ சொன்னார்.

"இல்ல, மரத்த வெட்டிப்புடுங்க அத்தா!"

மத்தியானச் சோற்றுக்கு அந்த மரத்தடியில்தான் அவர் பாய் விரிப்பார். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வரும்போது கோடாலிக்காரர்களைக் கூட்டிவந்தார். வேரைத் தோண்டியபோது மண்ணோடு மெத்தென்ற வெள்ளை ஓணான் முட்டைகள் உருண்டு வந்தன. அம்மா, "ஐயோ, வாயில்லாத ஜீவன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தா அவற்றை அள்ளிச் சுவரோரம் புதைத்தார். பொழுது சாய்வதற்குள் காக்கைகள் கிளறித் தின்றுவிட்டன. மரம் இருந்த இடத்தைச் சுற்றிச் சில நாள் அந்த ஓணான் ஓடித் திரிந்தது. பிறகு காணவில்லை.

பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "வயித்துல கொக்கிப்புழு. அதுதான் ரத்தத்தக் குடிச்சிருக்கு. புள்ளைய செருப்பு இல்லாம வெளிய விடாதீங்க" என்றார். அத்தா சைக்கிளில் வீட்டுக்கு அழைத்துவந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முதுகை நிமிர்ந்து பார்க்கவே கூசியது. மாத்திரையில் புழு போயிற்று, என் உதட்டில் நிறம் திரும்பியது. அத்தா மட்டும் அதற்குப் பிறகு தையல் மிஷின் பக்கத்திலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டார்.

இன்று அந்தப் பின்பக்கம் முழுக்க சிமென்ட் தரையும் வாடகை அறைகளும்தான். சந்தில் ஒரு மரமில்லை, ஓணானும் இல்லை. லாஸ்பேட்டையில் என்னோடு இருக்கும் அத்தாவிடம் போன மாதம்தான் கேட்டேன்: "எனக்காகத்தான அத்தா அந்த மரத்த வெட்டுனீங்க?"

"சேச்சே, உள்ளுக்குள்ள பூச்சி அரிச்ச மரம்மா அது. எப்டியும் ஒரு நாள் சாஞ்சிருக்கும்."

வெட்டி முடித்ததும் அந்த மரத்தின் வயிரத்தை, அதன் நடுக்கட்டையை, நான் தொட்டுப் பார்த்திருந்தேன். ஊசி இறங்கும் ஓட்டைகூட அதில் இல்லை.

"அப்படியா அத்தா" என்று மட்டும் சொன்னேன்.